உறைபனியை ஏய்க்கும் மண்மேடு



நீலகிரிப் பக்கம் மார்கழி, தை மாசங்களில் உறைபனி விழுந்தால் ஒரே ராத்திரியில் தேயிலைக் கொழுந்து கருகிப் போகும். உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தேயிலை கருகினால் பணம் நஷ்டம். சாப்பாட்டுக்குக் கடையில் அரிசி இருக்கிறது. ஆனால் வீட்டு மனிதர்களுக்கும் வளர்க்கிற பன்றிகளுக்கும் ஒரே பயிர்தான் ஆகாரம், அதுவும் உறைபனி பட்டால் கருகுகிற பயிர் என்றால் என்ன செய்வது? அப்படிப்பட்ட இடத்தில் பல தலைமுறையாகக் குடித்தனம் பண்ணுகிறவர்களைப் பற்றி இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே ஒரு பெரிய தீவு இருக்கிறது. அதன் கிழக்குப் பாதிதான் பாப்புவா நியூகினி. 1975-ல் சுதந்திரம் பெற்றது. அதன் நடுவே உயர்ந்த மலைகள். மலைநாட்டில் எங்கா என்று ஒரு மாகாணம். அங்கே சில பள்ளத்தாக்குகள் 2,200 மீட்டருக்கும் மேலே, நம்ம ஊட்டி உயரத்தில் இருக்கின்றன. கிராமம் என்றால் தெருவும் வரிசை வீடுகளும் என்று நினைக்காதீர்கள். அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் வீடு. தாழ்ந்த புல் கூரை, உள்ளே நாள் முழுதும் அடுப்பு, வெளியேற வழியில்லாத புகை. குளிருக்கு அடக்கம்தான், ஆனால் நுரையீரலுக்குக் கேடு.

கடற்கரையில் ஆட்சி நடத்திய வெள்ளைக்காரர்கள் இந்த மலைநாட்டில் மனிதரே இல்லை என்று வெகுகாலம் நம்பினார்கள். 1930-ல் தங்கம் தேடிப் போன மைக்கேல் லீஹியும் மைக்கேல் டுவையரும் மலையேறி அந்தப்புறம் பார்த்தால், ராத்திரியில் பள்ளத்தாக்கு எங்கும் நெருப்பு வெளிச்சம்! 1933-ல் வாகி பள்ளத்தாக்கின் மேலே விமானத்தில் பறந்தபோது சதுரம் சதுரமாக வாய்க்கால் வெட்டிய தோட்டங்கள் தெரிந்தன. அங்கே லட்சக்கணக்கான ஜனங்கள் இருந்தார்கள். அவர்களிடம் இரும்பு இல்லை, சக்கரம் இல்லை, ஏர் மாடு இல்லை, நெல்லோ சோளமோ இல்லை. கல் கோடாலியும் தோண்டுகோலும்தான். உடனே 'கற்கால மனிதர்கள்' என்று பேர் வைத்துவிட்டார்கள். பேர் வைப்பதற்கு என்ன, காசா பணமா?

அந்த வாகி பள்ளத்தாக்கில் கூக் என்கிற சதுப்பு நிலத்தில் தேயிலை ஆராய்ச்சிப் பண்ணை போட வடிகால் வெட்டினார்கள். வெட்டிய கரையில் பழைய வாய்க்கால்களின் தடம் தெரிந்தது. ஜேக் கோல்சன் என்ற தொல்லியல் அறிஞர் 1972-லிருந்து சில வருஷங்கள் அங்கே தோண்டிப் பார்த்தார். சுமார் 7,000 வருஷத்துக்கு முன்பே அங்கே பயிர் செய்திருக்கிறார்கள். ஏறக்குறைய 6,500 வருஷத்துக்கு முன்பே மண்ணை மேடு கட்டி நட்டிருக்கிறார்கள். சுமார் 4,000 வருஷத்துக்கு முன்னால் மரக் கருவிகளைக் கொண்டே சதுப்புக்கு வடிகால் எடுத்திருக்கிறார்கள். வாழை, சேம்பு, வள்ளிக்கிழங்கு அவர்களுடைய பழைய பயிர்கள். 2008-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இன்னொன்று, தடித்த ஆலைக் கரும்பின் பிறப்பிடமும் நியூகினித் தீவுதான். அந்தத் தடிக் கரும்பின் வம்சத்தையும் நம்ம காட்டுக் கரும்பையும் சேர்த்துத்தான் கோயம்புத்தூரில் 'கோ' ரகங்களை உண்டாக்கினார்கள்.

சேம்பு அதிக உயரத்தில் சரியாக வராது. தென் அமெரிக்காவில் பிறந்த சர்க்கரைவள்ளி, நீங்கள் சீனிக்கிழங்கு என்றும் சொல்வீர்கள், கடல் வழியாகக் கைமாறி அங்கே வந்து சேர்ந்தது. ஆராய்ச்சியாளர் பலரின் கணக்குப்படி அது சுமார் 300, 400 வருஷத்துக்கு முன்பு. அதன் பிறகு ஜனங்கள் இன்னும் மேலே ஏறிக் குடியிருக்க முடிந்தது. நம்ம ஊரில் நாலு மாசத்தில் தோண்டுகிற கிழங்கு அந்தக் குளிரில் முற்ற எட்டு மாசம், சில இடங்களில் ஒரு வருஷம் ஆகும். அது வரைக்கும் உறைபனி வராமல் இருக்க வேண்டும்.

இனி அந்த மண்மேட்டைப் பார்ப்போம். குறுக்கே சுமார் மூன்று மீட்டர், உயரம் அரை மீட்டருக்கு மேல், வட்டமாக இருக்கும். அறுவடை முடிந்ததும் நடுவைத் திறந்து கிண்ணம் மாதிரி ஆக்குகிறார்கள். பழைய கொடி, புல், களை எல்லாம் அந்தக் குழிக்குள் போய்விடும். சில வாரம் மட்க விட்டு, சுற்றியுள்ள மண்ணை மேலே இழுத்து மூடி, கொடி நறுக்குகளை நடுகிறார்கள். கம்போஸ்டு குழியை ஒரு பக்கம் வெட்டி, உரத்தைக் கூடையில் சுமந்து வயலுக்குக் கொண்டு போகிற வேலையே இல்லை பாருங்கள். குழியே பாத்தி, பாத்தியே குழி. ஒரே நிலத்தில் தரிசு போடாமல் வருஷக்கணக்காகப் பயிர் எடுக்கிறார்கள். தரிசு விடுகிற நிலத்தில் சவுக்கு ஜாதி மரம் ஒன்றை நடுகிறார்கள். வேர் முடிச்சில் தழைச்சத்து சேர்க்கிற மரம் அது. நிலத்தைத் திருத்துவதும் வேலி போடுவதும் ஆண்கள் வேலை. நடவு, களையெடுப்பு, கிழங்கு தோண்டுவது, வலைப் பையை நெற்றியில் மாட்டிச் சுமப்பது எல்லாம் பெண்கள் தலையில்தான்.

மேடு உரத்துக்கு மட்டும் இல்லை. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே தாழ்ந்த இடம் தேடி ஓடும். மேகம் இல்லாத, காற்றும் அசையாத ராத்திரியில் அது மேட்டின் சரிவில் வடிந்து அடியில் தங்கிவிடும். மேலே இருக்கிற கொடி தப்பிக்கும். உள்ளே மட்குகிற தழையின் சூடும் கொஞ்சம் உதவும். ஓரிரு டிகிரி வித்தியாசம்தான், ஆனால் லேசான உறைபனிக்கு அதுவே போதும்.

கடும் உறைபனிக்கு மேடு தாங்காது. அதற்கு வேறு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. பள்ளத்தில் ஒரு தோட்டம், சரிவில் ஒரு தோட்டம் என்று வெவ்வேறு உயரத்தில் நட்டு வைப்பது ஒன்று. அதுவும் போனால், இரண்டு மூன்று நாள் நடந்து, தாழ்ந்த பள்ளத்தாக்கில் பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்று உறவுக்காரரிடம் போய்விடுவது. பன்றிகளும் கூடவே போகும். அங்கே நிலம் கொடுப்பார்கள், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பயிர் செய்யலாம். அங்கே சம்பந்தம் என்பது இரண்டு குடும்பத்துக் காரியம் மட்டும் அல்ல, பஞ்சத்துக்குப் போட்டு வைத்த முதலும்கூட.

1972-ல் பெரிய உறைபனி அடுத்தடுத்து விழுந்தது. அப்போது ஆஸ்திரேலிய நிர்வாகம். தோட்டமெல்லாம் கருப்பாகிக் கிடப்பதைப் பார்த்த அதிகாரிகள் 'பஞ்சம் வந்துவிட்டது' என்று பல மாசம் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜனங்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். எரிக் வாடெல் என்ற புவியியல் அறிஞர் இதை ஆராய்ந்து, அந்த ஜனங்களுக்கே சொந்த வழி இருந்ததே, அதைக் கேட்காமல் சோறு போட்டு உட்கார வைத்தது சரியா என்று கேட்டார். நானும் அரசாங்க ஊழியன்தான். அவர் சொன்னதில் முக்கால் பங்கு நியாயம் என்று எனக்குப் படுகிறது. மீதிக் கால் பங்கு, கைக்குழந்தையும் நடக்க முடியாத கிழவியும் இருக்கிற வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டியது.

1997-ல் இன்னும் கொடுமை. வறட்சியும் உறைபனியும் சேர்ந்து வந்தன. பசிபிக் கடலின் நீர் சூடாகிற எல் நினோதான் காரணம். இந்தத் தடவை விவசாயத் துறை ஆட்களும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆட்களும் ஊர் ஊராகப் போய், 'இப்போ என்ன சாப்பிடறீங்க? தோட்டத்தில் என்ன மிச்சம்? தண்ணி எங்கேயிருந்து எடுக்கறீங்க?' என்று கேட்டு, கஷ்டத்தை ஐந்து படியாகப் பிரித்து எழுதினார்கள். அதைப் பார்த்துத்தான் அரிசியும் மாவும் எண்ணெயும் போயின. ரோடு இல்லாத இடங்களுக்கு விமானத்தில் போட்டார்கள். அப்போதும் ஆயிரக்கணக்கானோர் பழைய பாதையிலேயே கீழே இறங்கினார்கள். 2015-லும் அதே கதை.

ஆனால் அந்தப் பாதை இப்போது பழைய மாதிரி இல்லை. கீழ்ப் பள்ளத்தாக்குகளில் ஜனத்தொகை பெருகி, காப்பியும் நட்டுவிட்டதால் விருந்தாளிக்குக் கொடுக்க நிலம் குறைவு. குலச் சண்டைகளில் வில் அம்பு போய்த் துப்பாக்கி வந்துவிட்டதால், சண்டையில் இருக்கிற ஊர் வழியாகக் குழந்தை குட்டியோடு நடப்பது ஆபத்து. காசுக்காக உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு 2003-ல் பின்கருகல் நோய் வந்து தோட்டமே அழிந்தது. அதற்கு மருந்து அடிக்கிற செலவைத் தாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

உறைபனிக்குப் பிறகு மேலே நடவுக்குக் கொடி மிஞ்சாது. அதனால் கீழே போனவர்கள் அங்கிருந்து நறுக்கு எடுத்துக்கொண்டு அவ்வப்போது மேலே வந்து, மேட்டைத் திறந்து, கருகிய கொடியை உள்ளே போட்டு மூடி, நட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். கிழங்கு முற்றின பிறகுதான் குடும்பமும் பன்றியும் மேலே வரும்.