ஹென்றி நோரிஸ்: ஆர்சனலை இடம் மாற்றிய தலைவர்

சர் ஹென்றி நோரிஸ் (1865–1934) லண்டனில் வீடு கட்டி விற்று முன்னேறிய தொழிலதிபர். ஆர்சனல் கால்பந்துக் கழகத்தின் தலைவராக இருந்தவர். நொடித்துப்போன கழகத்தை மீட்டு வடக்கு லண்டனில் குடியேற்றியவர் இவர். அதே கழகத்தின் பணத்தைக் கையாண்ட விதத்திற்காகக் கால்பந்து நிர்வாகத்திலிருந்து தடை செய்யப்பட்டவரும் இவரே.

தொழிலும் அரசியலும்

14 வயதில் பள்ளியை விட்ட நோரிஸ், வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தார். பின்னர் கட்டுமான நிறுவனமொன்றில் பங்குதாரராகி, தென்மேற்கு லண்டனின் ஃபுல்ஹாம் பகுதியில் ஏராளமான வீடுகளைக் கட்டினார். 1909 முதல் 1919 வரை ஃபுல்ஹாம் நகர மேயராக இருந்தார். 1917இல் சர் பட்டம் பெற்றார். 1918 முதல் 1922 வரை கன்சர்வேடிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

ஃபுல்ஹாம் கழகத்தின் நிர்வாகியாகவே இவர் கால்பந்துக்குள் வந்தார். 1905இல் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்திற்குக் குடிவரும்படி அதன் உரிமையாளர் கஸ் மியர்ஸ் ஃபுல்ஹாமை அழைத்தபோது நோரிஸ் மறுத்துவிட்டார். மியர்ஸ் அங்கே புதிய கழகமொன்றைத் தொடங்கினார். அதுவே செல்சி.

ஹைபரிக்கு இடமாற்றம்

ஆர்சனல், 1886இல் தென்கிழக்கு லண்டனின் வூல்விச் ஆயுதத் தொழிற்சாலைப் பணியாளர்கள் தொடங்கிய கழகம். ஊரின் ஓரத்தில் இருந்த மைதானத்திற்குச் சென்றுவருவது கடினம். அதனால் கூட்டம் குறைந்து கடன் பெருகியது. 1910இல் நோரிஸ் அதைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்தார். ஃபுல்ஹாமுடன் இணைக்க அவர் முயன்றபோது, லீக் நிர்வாகம் அனுமதி தரவில்லை. 1912–13 பருவத்தில் மூன்று ஆட்டங்களில் மட்டுமே வென்ற ஆர்சனல், முதல் பிரிவிலிருந்து இறங்கியது.

வீடு கட்டி விற்றவருக்கு இடத்தின் மதிப்பு தெரியும். மக்கள் நெருக்கமும் சுரங்க ரயில் நிலையமும் உள்ள ஹைபரியில், இறையியல் கல்லூரி ஒன்றின் நிலத்தை 21 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அருகிலிருந்த டாட்டன்ஹாம் கழகமும் அப்பகுதிக் குடியிருப்பாளர்களும் எதிர்த்தும் பயனில்லை. 1913 செப்டம்பரில் புதிய மைதானத்தில் ஆட்டம் தொடங்கியது. கழகம் பிழைத்தது, ஆனால் அதை உருவாக்கிய வூல்விச் மக்கள் தங்கள் அணியை இழந்தனர்.

1919 வாக்கெடுப்பு

முதல் உலகப் போருக்குப் பின் முதல் பிரிவு 20 அணிகளிலிருந்து 22 ஆக விரிந்தது. 1914–15 பருவத்தில் கடைசி இடம் பெற்ற டாட்டன்ஹாம், தனக்கு அதில் இடம் நீடிக்கும் என்று நம்பியது. ஆனால் வாக்கெடுப்பில் ஆர்சனல் 18, டாட்டன்ஹாம் 8 வாக்குகள் பெற்றன. இரண்டாம் பிரிவில் ஐந்தாவதாக வந்த அணி மேலே சென்றது! லீக்கில் ஆர்சனலே 15 ஆண்டுகள் மூத்தது என்று லீக் தலைவர் ஜான் மெக்கென்னா வாதிட்டார். நோரிஸ் திரைமறைவில் பேரம் பேசினார் என்ற குற்றச்சாட்டு இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆர்சனல் அதன்பின் முதல் நிலைப் பிரிவிலிருந்து இறங்கியதே இல்லை.

வீழ்ச்சி

1925இல் ஹெர்பர்ட் சாப்மனை மேலாளராக நியமித்தது நோரிஸின் சிறந்த முடிவு. ஆனால் கழகத்தின் கணக்கையும் தம் சொந்தக் கணக்கையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. தம் கார் ஓட்டுநரின் சம்பளத்தைக் கழகப் பணத்திலிருந்து கொடுத்தார். அணியின் பேருந்தை விற்ற 125 பவுண்டு அவர் மனைவியின் வங்கிக் கணக்கிற்குச் சென்றது. 1927இல் கால்பந்துச் சங்கம் அவருக்குத் தடை விதித்தது. சங்கத்தின் மீது அவர் தொடுத்த அவதூறு வழக்கும் 1929இல் தோற்றது. ஆர்சனல் 1930இல் எஃப்.ஏ. கோப்பையையும் 1931இல் லீக் பட்டத்தையும் முதன்முறையாக வென்றபோது அவர் கழகத்தில் இல்லை.

மதிப்பீடு

நோரிஸ் கழகத்திற்காகப் பெரும் பணத்தைப் பணயம் வைத்தவர். அவர் எடுத்ததாகச் சொல்லப்பட்ட தொகையோ மிகச் சிறியது. தன் பணத்தைப் போட்டு ஒரு கழகத்தைக் காப்பாற்றியவருக்கு அது சொந்தமாகிவிடுமா? கால்பந்துச் சங்கம் 1927இல் 'இல்லை' என்றது. அந்தக் கேள்வியை வூல்விச் மக்கள் 1913இலேயே கேட்டிருக்க வேண்டும். அன்று அவர்களிடம் கருத்துக் கேட்பார் யாருமில்லை.