திடலும் திண்ணையும்: பகாவ் தோட்டங்களில் பொதுப்பேச்சு

நெகிரி செம்பிலானின் கிழக்குப் பகுதியில் உள்ள பகாவ், தோட்டங்கள் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே செய்தி நடமாடிய வழியில் அமைந்த ஊராகும். மூவார் ஆற்றின் வழியே வந்த படகுகளை ஜெம்போல் ஆற்றங்கரையில் கரையேற்றிக் குறுகிய நிலத்தின்மீது இழுத்துச் சென்று, செர்த்திங் ஆற்றில் இறக்கிப் பகாங் நோக்கிச் செலுத்துவது பண்டைய வழக்கம். மலாய் மக்கள் அவ்வழியைப் 'பெனாரிக்கான்', அதாவது இழுப்புவழி, என்றனர். சரக்கோடு ஊர்ச்செய்தியும் அவ்வழியே ஏறி இறங்கியிருக்கும் என்று கொள்வதில் தவறில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரயில் பாதையும் ரப்பரும் வந்தன. கங்காணிமார் அழைத்துவந்த தமிழ்மக்கள் கெட்டிஸ், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களில் குடியேறினர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் சேர்த்து ஸ்டோரில் ஊற்றிய பின்னர் எஞ்சிய மாலைப்பொழுதே அவர்களுக்கு உரியது. அப்பொழுதில் அவர்கள் என்ன பேசினர், எதை விளையாடினர், எதைப் பேச அஞ்சினர் என்பனவும் வரலாற்றின் பகுதியே. அரசாங்க அறிக்கைகளில் கூலியும் மலேரியாவும் கணக்கில் ஏறியதுபோல இவை ஏறவில்லை.

விளையாட்டுக்குத் தடை இருந்ததில்லை. பெண்கள் லயத்துத் திண்ணையில் பல்லாங்குழி ஆடினர். மலாய்ப் பெண்டிர் ஆடும் 'சொங்காக்' இதன் உடன்பிறப்பே. ஆடவர் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடினர். இளைஞர் சடுகுடு ஆடினர். பின்னர்ப் பந்துத் திடலுக்குச் சென்றனர். திடல் அமைத்துக் கொடுப்பதில் பல துரைமார் தாராளமாகவே இருந்தனர். கள்ளுக்கடைக்கும் குறைவில்லை. தோட்டமோ தனியார் நிலம். வெளியார் உள்ளே வரத் துரையின் இசைவு வேண்டும். கூட்டம் கூடவும் அவ்வாறே. ஆகவே பந்தாட்டத்தைப் பற்றி உரக்க வாதாடலாம், கூலியைப் பற்றித் தாழ்ந்த குரலில்தான் பேசலாம் என்ற நிலை உருவாயிற்று.

அந்தத் தாழ்ந்த குரலுக்கு வலுவூட்டியவை செய்தித்தாள்கள். கோலாலம்பூரில் 1924 ஆம் ஆண்டு 'தமிழ் நேசன்' தோன்றியது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935 இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். எழுத்தறிந்தோர் சிலரே ஆயினும் கேட்டறிந்தோர் பலர். தோட்டப் பள்ளி ஆசிரியரோ, தமிழறிந்த கிராணியோ உரக்கப் படிக்க, சூழ இருந்தோர் கேட்பர். பள்ளிக்குரிய வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி நடத்தவேண்டும் என 1923 இன் தொழிலாளர் சட்டம் விதித்தது. அச்சட்டத்தை இயற்றினோர் அந்த ஆசிரியர் மாலையில் செய்தித்தாளும் படிப்பார் என்று எண்ணியிருப்பார்களோ என்பது ஐயமே!

பெரியார் ஈ. வெ. இராமசாமி 1929 இல் மலாயா வந்தார். 1937 இல் நேரு வந்தார். அடுத்த ஆண்டே இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. ஊர் அரசியல் தோட்டத்துச் சோற்றுப்பானையைத் தொடும் என்பதைத் திண்ணையில் இருந்தோர் அப்போது கண்டுகொண்டனர்.

1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் இவ்வரலாற்றின் நடுநாயகம். அங்கே தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளை ஊன்றி நோக்குதல் வேண்டும். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடுக என்றனர். பேச்சுரிமையும் கூடும் உரிமையும் கேட்டனர். உறவினர் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றனர். துரைமாரும் அலுவலரும் எதிரே வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமலே செல்லும் உரிமையையும் கேட்டனர். வயிற்றுக்காக மட்டும் போராடிய கூட்டம் என்று இவர்களைக் குறித்து எழுதுவோர் இந்தக் கடைசிக் கோரிக்கையைப் படித்தாரில்லை போலும். 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பெற்று இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கலகத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

ஜப்பானியர் ஆட்சியில் பேச்சின் திசை மாறிற்று. சுபாஷ் சந்திர போஸ் 1943 இல் சிங்கப்பூர் வந்தபின், நேற்றுவரை வாய்பொத்தி நின்ற தோட்டத்து இளைஞர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர்; பெண்டிரும் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டோர் பல்லாயிரவர்; மீளாதோர் மிகப் பலர். போருக்குப்பின் 1946 இல் மலாயா இந்தியர் காங்கிரசும், 1954 இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் எழுந்தன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமோ நாவை மீண்டும் கட்டியது.

ஆட்டமும் அரசியலும் ஒரே பேச்சாய்க் கலந்த நாள் 1980 இல் வந்தது. ஏப்ரல் 6 ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்ற கணக்கில் வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். கோல் காத்தவர் தமிழரான ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் 'சிலந்தி மனிதர்' எனப் பெயர் பெற்றவர். ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுள் புகுந்ததைக் கண்டித்து மலேசிய அரசு மாஸ்கோவைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. அரசு செய்தது முறையா, ஆட்டக்காரர் என்ன பிழை செய்தனர் என்னும் வினாக்கள் இன்றும் ஓயவில்லை. ஆறுமுகம் ஒலிம்பிக் காணாமலே 1988 இல் சாலை விபத்தில் மறைந்தார்.

அதன்பின் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. லயங்கள் வெறிச்சோடின, மக்கள் பகாவ் பட்டணத்துக்கும் சிரம்பானுக்கும் பெயர்ந்தனர். 'தமிழ் நேசன்' 2019 இல் நின்றது. அதே ஆண்டில் மணிலா தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் கைப்பேசி ஆட்டமான 'மொபைல் லெஜண்ட்ஸ்' பதக்கத்துக்குரிய போட்டிகளுள் ஒன்றாயிற்று. ஆடுபுலிக்குக் குனிந்த பாட்டனாரின் பேரர் இன்று கைப்பேசித் திரைக்குக் குனிகிறார். ஒரு கையில் ஆட்டத்தின் தோல்வியைத் திட்டுகிறார். மறுநொடி அமைச்சரையும் திட்டுகிறார். இரண்டையும் உரக்கவே செய்கிறார். துரையின் இசைவு தேவையில்லை. எனினும் 1998 இன் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233 ஆம் பிரிவு அவ்வெழுத்தையும் எட்டும். முதலில் 50,000 வெள்ளி வரை அபராதமும் ஓராண்டுவரை சிறையும் விதித்த அப்பிரிவின் தண்டனை 2025 இல் மேலும் உயர்த்தப்பெற்றது.