இரவு முழுக்க புகையில் வேகும் பிரிஸ்கெட், ஊர் பெயரிலேயே பீர்: டெக்சாஸ் பார்பிக்யூ ரோடு ட்ரிப்பில் என்ன ஸ்பெஷல்? காரை ஓட்டுபவர் எதை மறக்கக் கூடாது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வார விடுமுறை வந்தால் பலரும் காரை எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன ஊர்களுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே மலையும் இல்லை, கடலும் இல்லை. புகையில் வெந்த மாட்டிறைச்சிக்காகவும், அந்தந்த ஊரில் காய்ச்சும் பீருக்காகவும்தான் இந்தப் பயணம். 2024 நவம்பரில் மிச்செலின் கையேடு, டெக்சாஸின் நான்கு பார்பிக்யூ கடைகளுக்கு நட்சத்திர அந்தஸ்து கொடுத்த பிறகு இந்த ஊர்களின் மவுசு இன்னும் கூடியிருக்கிறது.

ஆஸ்டின், டல்லாஸ், ஹூஸ்டன் நகரங்களில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் இந்தப் பக்கம் ஒரு சுற்று கூட்டிப்போவதும் உண்டு. அப்படி என்னதான் இருக்கு இந்த ஊர்களில்? சட்டம் என்ன சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

பார்பிக்யூ என்றால் நெருப்பில் சுடுவதுதானே?

இல்லை. நம்மூர் ஓட்டல்களில் கம்பியில் குத்தி, கரி நெருப்பில் நேரடியாக வாட்டுவது 'கிரில்' வகை. டெக்சாஸ் பார்பிக்யூவில் நெருப்பு ஒரு பக்கம், இறைச்சி இன்னொரு பக்கம். இடையில் போவது சூடான புகை மட்டும்தான்.

இதில் ராஜா, 'பிரிஸ்கெட்' எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி. நாள் முழுக்க உடல் எடையைத் தாங்கும் தசை என்பதால் ரொம்பக் கடினமானது. அதனால் ஒரு காலத்தில் மலிவாகக் கிடைத்தது. உப்பு, மிளகு தடவி, சுமார் 107 முதல் 135 டிகிரி செல்சியஸ் சூட்டில் 10 முதல் 14 மணி நேரம் வரை வைக்கிறார்கள். மத்திய டெக்சாஸில் இதற்கு 'போஸ்ட் ஓக்' மரத்தைத்தான் எரிக்கிறார்கள்.

இவ்வளவு நேரம் எதற்கு? தசைக்குள் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாற வேண்டும். ஆட்டுக்கால் பாயா சாப்பிடும்போது விரல் ஒட்டுமே, அதே பொருள்தான். இறைச்சியின் உள்சூடு 95 டிகிரியை நெருங்கும்போது கத்தியே தேவையில்லாத அளவுக்கு மிருதுவாகிவிடும்.

நடுவில் ஒரு சிக்கல் உண்டு. உள்சூடு 65 முதல் 75 டிகிரிக்குள் வந்ததும் பல மணி நேரம் ஏறாமல் அப்படியே நின்றுவிடும். மண்பானையின் மேல் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே தண்ணீர் குளிர்கிறது அல்லவா, அதே கதைதான். இறைச்சியின் ஈரம் ஆவியாகி, ஏறும் சூட்டை இறக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பொறுமை இழந்து தீயைக் கூட்டினால் கறி வறண்டுவிடும்.

மதியமே ஏன் கடையை மூடுறாங்க?

இன்று மதியம் விற்கும் கறி, நேற்று இரவே அடுப்பில் ஏறியது. தீர்ந்துபோனால் உடனே இன்னொன்று செய்ய முடியாது. அதனால்தான் பல கடைகளில் 'தீர்ந்தால் மூடல்' என்பது எழுதப்படாத விதி. லெக்சிங்டன் என்ற சிற்றூரில் உள்ள 'ஸ்னோஸ்' கடை சனிக்கிழமை மட்டும்தான் திறக்கும், அதுவும் காலை 8 மணிக்கு. தாமதமாகப் போனால் புகை வாசனை மட்டும்தான் மிஞ்சும்!

இறைச்சியும் பீரும் ஒரே பகுதியில் வளர்ந்தது எப்படி?

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே குடியேற்ற வரலாறு. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனி, செக் பகுதிகளிலிருந்து வந்த விவசாயிகளும் கைவினைஞர்களும் மத்திய டெக்சாஸில் குடியேறினார்கள். அவர்களில் சிலர் இறைச்சிக் கடை வைத்தார்கள். குளிர்சாதன வசதி இல்லாத காலம். விற்காத கறி கெட்டுப்போகாமல் இருக்கப் புகையில் போட்டார்கள், மீதியை சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி பறிக்க வந்த கறுப்பின, மெக்சிகோ தொழிலாளர்கள் அதைக் கசாப்புக் காகிதத்தில் பொட்டலமாக வாங்கி அங்கேயே கையால் சாப்பிட்டார்கள். இன்றும் பல கடைகளில் தட்டு கிடையாது, காகிதம்தான்.

ஆனால் டெக்சாஸ் பார்பிக்யூ இவர்களுடைய கைப்பக்குவம் மட்டுமல்ல. கிழக்கு டெக்சாஸில் கறுப்பின மக்கள் வளர்த்த சாஸ் ஊற்றிய பாணி, தெற்கே மெக்சிகோ வழியில் மாட்டுத் தலையைக் குழியில் வேகவைக்கும் 'பார்பகோவா', மேற்கே மெஸ்கிட் மரத்தணலில் நேரடியாக வாட்டும் கவ்பாய் பாணி என்று ஊருக்கு ஊர் ருசி மாறும்.

எந்த ரூட்டில் போகலாம்?

ஆஸ்டினிலிருந்து தெற்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் லாக்ஹார்ட். 1999-ல் டெக்சாஸ் சட்டமன்றத்தில் 'டெக்சாஸின் பார்பிக்யூ தலைநகரம்' என்று தீர்மானமே போட்ட ஊர் இது. 1900-ல் தொடங்கிய 'க்ரூஸ் மார்க்கெட்' இங்கேதான் இருக்கிறது. 1999-ல் குடும்பத்தில் பிரிவு வந்து கடை வேறு கட்டடத்துக்குப் போனபோது, பழைய அடுப்பின் கனலைத் தொட்டியில் வைத்து சாலை வழியே இழுத்துப்போய்ப் புது அடுப்பை மூட்டினார்கள். பழைய கட்டடத்தில் இப்போது 'ஸ்மிட்டீஸ்' கடை. 1932 முதல் ஒரே குடும்பம் நடத்தும் 'பிளாக்ஸ்' கடையும் இதே ஊரில்தான்.

அங்கிருந்து சுமார் 25 கி.மீ. போனால் லூலிங். இங்குள்ள 'சிட்டி மார்க்கெட்' சாசேஜுக்குப் பெயர் பெற்றது. இன்னும் சுமார் 60 கி.மீ. தள்ளி ஷைனர். சில ஆயிரம் பேர் மட்டுமே வசிக்கும் இந்த ஊரின் பெயர்தான் பீர் பாட்டில்களில் இருக்கிறது. 1909-ல் ஜெர்மன், செக் குடியேறிகள் சேர்ந்து தொடங்கிய ஆலை, பின்னர் பவேரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் ஸ்போட்செல் கைக்கு வந்தது. 1920 முதல் 1933 வரை நாடு தழுவிய மதுவிலக்கு இருந்தபோது, ஆல்கஹால் இல்லாத பீரும் ஐஸ்கட்டியும் விற்று ஆலை தாக்குப்பிடித்தது. இதன் அடையாளமான 'ஷைனர் பாக்', முன்பு தவக்காலத்தில் மட்டும் வந்த கருநிற பீர். 1970-களில்தான் ஆண்டு முழுக்கக் கிடைக்க ஆரம்பித்தது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவங்க என்ன பண்றது?

வான்கோழி, கோழி, பன்றி விலா எலும்பு பெரும்பாலான கடைகளில் உண்டு. ஆனால் ஒரே அடுப்பு, ஒரே வெட்டுப்பலகை என்பதை நினைவில் வைக்கவும். சாசேஜில் பெரும்பாலும் மாட்டிறைச்சி கலந்திருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் பீன்ஸில் இறைச்சி கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. கறி எடை போட்டுத்தான் விற்கிறார்கள். ஒருவருக்கு அரை பவுண்ட், அதாவது சுமார் 225 கிராம் தாராளம்.

ஒரு பீர் குடிச்சிட்டு வண்டி ஓட்டலாமா?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டெக்சாஸில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தை எட்டினால் குற்றம். இந்தியாவில் இந்த வரம்பு 0.03 சதவீதம்தான். 'அப்போ அங்கே கொஞ்சம் தாராளமா குடிக்கலாமே' என்று நினைத்தால் தவறு. 0.08-க்குக் கீழே இருந்தாலும், குடியால் உடலோ மனமோ இயல்பாக இயங்கவில்லை என்று நிரூபித்தால் அதுவும் குற்றமே.

கணக்கும் ஏமாற்றும். அமெரிக்காவில் 'ஒரு டிரிங்க்' என்பது 5 சதவீத ஆல்கஹால் கொண்ட 355 மில்லி பீர். சின்ன ஆலைகளில் 7 சதவீத பீர், 473 மில்லி பைன்ட் கிளாஸில் வரும். கையில் இருப்பது ஒரு கிளாஸ்தான், உள்ளே போவது கிட்டத்தட்ட இரண்டு டிரிங்க். அதை வெளியேற்ற உடலுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். காபி குடித்தாலும், வயிறு நிறையக் கறி சாப்பிட்டாலும் அந்த வேகம் பெரிதாகக் கூடாது.

முதல் முறை சிக்கினாலே 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம், ஓட்டுநர் உரிம இழப்பு. தண்டனை உறுதியானால் தனியாக மாநில அபராதம் குறைந்தது 3,000 டாலர். காருக்குள் திறந்த பாட்டில் இருப்பதும் குற்றம், பக்கத்தில் இருப்பவர் குடித்தாலும்தான். 2019 முதல் பீர் ஆலையிலேயே பீர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதைத் திறக்காமல் டிக்கியில் வைப்பதே பாதுகாப்பு. 21 வயது நிறையாதவர்களுக்கு விற்க மாட்டார்கள் என்பதால் பாஸ்போர்ட் அவசியம்.

விசாவுக்கும் சிக்கலா?

ஆம். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானாலே போதும், தீர்ப்பு வரும் முன்பே அமெரிக்க வெளியுறவுத் துறையால் விசாவை ரத்து செய்ய முடியும். அப்படி ரத்தானால் உடனே நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பதில்லை. ஆனால் அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தால், திரும்பிப் போகப் புது விசா எடுக்க வேண்டும். அதற்கு மருத்துவப் பரிசோதனையும் சேரும். ஒரு கிளாஸ் பீருக்காக வேலையே ஆட்டம் காணலாம்.

சரி, என்ன செய்யலாம்?

கிளம்பும் முன்பே அன்று யார் ஓட்டுவது என்று முடிவு செய்யுங்கள். அவருக்கு பீர் இல்லை, பிரிஸ்கெட்டில் முதல் துண்டு அவருக்கே. காலையில் லாக்ஹார்ட், மதியம் லூலிங், மாலையில் ஷைனர் என்று பீரைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். எல்லோரும் குடிப்பதாக இருந்தால் அன்றிரவு அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிடுங்கள். லாக்ஹார்ட் வழியாகப் போகும் 130-ம் எண் சுங்கச்சாலையின் ஒரு பகுதியில் வேக வரம்பு மணிக்கு 85 மைல், அதாவது 137 கி.மீ. அமெரிக்காவிலேயே இதுதான் அதிகம். அந்த வேகத்தில் ஓட்டுபவரின் கவனம் ஒரு நொடி சிதறினாலும் கார் 38 மீட்டர் தாண்டியிருக்கும்.

(மது உடல்நலத்துக்குக் கேடு. குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.)