பைதார் மரபும் பிராணவாயுவும்

கால்நடை மருத்துவரை அரபு மொழியில் ‘பைதார்’ என்பர். குதிரை மருத்துவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த சொல் இது. மூலிகை அறிஞர் இப்னுல் பைதாரின் பெயரால் நம்மில் பலருக்கு இச்சொல் பழக்கமானதே. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அப்பாஸியர் காலத்திலேயே, குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் இணைத்து இப்னு அகீ ஹிஸாம் நூல் செய்தார். பின்னர் கெய்ரோவில், மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதின் (மறைவு ஹி. 741/கி.பி. 1341) குதிரை லாயத்தில் பணியாற்றிய அபூபக்ர் இப்னு பத்ர், ‘காமிலுஸ் ஸினாஅதைன்’ என்ற பெருநூலை எழுதினார். பெரோன் என்பவர் அதனைப் பிரெஞ்சில் பெயர்த்து 1852 முதல் 1860 வரை வெளியிட்டார்.

அகன்ற நாசியைக் குதிரையின் உயர்ந்த இலக்கணங்களுள் ஒன்றாக அரபிகள் எண்ணினர். குதிரையால் வாய்வழியே மூச்சுவிட இயலாது. நாசி ஒன்றே அதற்கு வழி என்பது இன்றைய உடலியல். காரணம் தெரியுமுன்பே பயனைக் கண்டுகொண்ட அனுபவத்தின் கண் அது.

உயிர்கள் ஏன் மூச்சுவிடுகின்றன? இதயத்தின் வெப்பத்தைத் தணிக்கவே என்ற கருத்து ஜாலினூஸ் காலத்திலிருந்து வேரூன்றியிருந்தது. இதயத்தின் நடுச்சுவரில் துளையில்லை, குருதி நுரையீரல் சென்று காற்றுடன் கலந்தே இடப்பக்கம் திரும்புகிறது என்று இப்னு நஃபீஸ் (மறைவு ஹி. 687/கி.பி. 1288) எழுதினார். எகிப்திய மருத்துவர் தத்தாவீ 1924ஆம் ஆண்டு ஜெர்மனியில் அளித்த ஆய்வேடுதான் இதனை மீண்டும் உலகின் பார்வைக்குக் கொணர்ந்தது. ஆயினும், காற்றின் ஒரு பகுதியே உயிரைத் தாங்குகிறது என்பதை இப்னு நஃபீஸ் அறிந்திருந்தார் என்று எழுதுவோரை நாம் ஏற்பதற்கில்லை. இல்லாத பெருமையைச் சூட்டினால் இருக்கும் பெருமையும் ஐயத்துக்குள்ளாகும்.

அந்த ஒரு பகுதியை மனிதன் அறிந்தது வாயில்லா ஜீவன்களின் மூச்சுத்திணறலைக் கண்டே. 1660இல் ராபர்ட் பாயில், காற்றை உறிஞ்சும் கருவியினுள் பறவைகள் துடிப்பதைப் பதிவு செய்தார். 1774இல் ஜோசப் பிரீஸ்ட்லி பாதரசத்தின் சிவந்த சாம்பலைச் சூடேற்றிப் புதிய வாயு ஒன்றைப் பெற்றார். மறு ஆண்டு அதனுள் எலியொன்றை விட்டார். அதே அளவு சாதாரணக் காற்றில் கால் மணி நேரமே தாங்கக்கூடிய எலி, அரைமணி நேரம் தாங்கியது. வெளியே எடுத்து வெதுவெதுப்பூட்டியதும் உயிர் தெளிந்தது. அதற்குப் பின்னரே பிரீஸ்ட்லி அவ்வாயுவைத் தாம் முகர்ந்து பார்த்தார். லவாய்சியர் அதற்கு ஆக்சிஜன் என்று பெயரிட்டார். அவரது சுவாச ஆய்வுக்கும் கினிப் பன்றியே துணை.

மனிதனுக்கான பிராணவாயுச் சிகிச்சையை முறைப்படுத்தியவருள் முதன்மையானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். முதல் உலகப் போரில் நச்சுப்புகையால் நுரையீரல் கெட்ட வீரர்களுக்காக 1917இல் அதனை விளக்கினார். சுரங்க நச்சுக்காற்றை அறியக் கானரிக் குருவிகளைக் கொண்டு செல்லலாம் என்று முன்னரே கூறியவரும் அவரே. கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றில் மனிதனுக்கு முன் குருவி சாய்ந்துவிடும். சில கூண்டுகளின் மேல் சிறு ஆக்சிஜன் உருளை பொருத்தப்பட்டிருந்தது. குருவி மயங்கியதும் கதவை அடைத்து வாயுவைத் திறந்துவிட்டு அதனைப் பிழைக்க வைத்தனர். சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளி தன்னைக் காத்த குருவிக்குத் திருப்பிச் செலுத்திய கடன் அது. ஆய்வுக்கூடங்களின் நீண்ட வரலாற்றில் இத்தகைய கைம்மாறு அரிதாகவே நம் கண்ணிற்படுகிறது. பிரிட்டனில் இக்குருவிகளுக்கு ஓய்வளிக்கும் அறிவிப்பு 1986இல் வந்தது.

பிராணவாயு மிகுந்தாலும் தீங்கே. உயர் அழுத்தத்தில் அது வலிப்பை உண்டாக்குவதை 1878இல் பால் பெர்ட்டும், நுரையீரலைப் புண்ணாக்குவதை 1899இல் லோரெய்ன் ஸ்மித்தும் நிறுவினர். இவ்வறிவும் பிராணிகளின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்றதே. 60 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவில் ஒருநாளைக்கு மேல் தொடர்ந்து தரலாகாது என்று இன்றைய கால்நடை மருத்துவர் எச்சரிக்கையாயிருப்பது அதனால்தான். மூச்சுத்திணறும் பூனையை அழுத்திப் பிடித்தால் அந்த அச்சமே அதன் உயிரைப் போக்கிவிடக்கூடும். ஆகவே முதலில் பிராணவாயுக் கூண்டில் அமைதியாக இருக்கவிட்டு, எக்ஸ்ரே முதலியவற்றைப் பிறகே எடுக்கின்றனர்.

குதிரையின் நாட்பட்ட மூச்சிரைப்புக்கோ பெரும்பாலும் உலர்ந்த வைக்கோலின் தூசியும் பூஞ்சையுமே மூலம். நெருக்கடியில் பிராணவாயு அதனைத் தாங்கிப் பிடிக்கும். அதன்பின் தீவனத்தை நீரில் நனைத்துக் கொடுத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் கட்ட வேண்டும்; இயன்றால் லாயத்தை விட்டு மேய்ச்சல் வெளியில் விட்டுவிடுவதே நன்று.