விளக்கெண்ணெய் வாசத்தில் ஒரு விமான ஒத்திகை

ஈஸ்டர் லீவுக்கு எங்கே போகலாம்னு வீட்டுல பேச்சு வந்தப்போ, திருவாரூர்லேர்ந்து வந்திருந்த மாமனார்கிட்ட, "மாமா, பழைய சண்டை விமானமெல்லாம் பறக்க விடுவாங்க, வர்றீங்களா?"ன்னு கேட்டேன்.

"டிக்கெட் எவ்வளவு மாப்ளே?"

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பெரிய ஷோ. வெள்ளிக்கிழமை ஒத்திகை. கூட்டம் குறைவு, ஆனா பறக்கப்போறது அதே விமானங்கள்தான்னு விளக்கினேன். "அப்ப வெள்ளிக்கிழமையே போவோம். கச்சேரியை விட ஒத்திகையிலதான் விஷயமே தெரியும்"னுட்டார். மறுபேச்சு ஏது?

இடம், நியூசிலாந்தின் தெற்குத் தீவுல பிளெனம் ஊரை ஒட்டின ஒமாகா. கிறைஸ்ட்சர்ச்லேர்ந்து சுமார் 300 கிலோமீட்டர். சுத்திலும் திராட்சைத் தோட்டம், நடுவுல புல்தரை ஓடுபாதை. 'கிளாசிக் ஃபைட்டர்ஸ்' என்ற விமானக் கண்காட்சி இங்கே 2001-ல் ஆரம்பிச்சது. ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், ஈஸ்டர் சமயத்துல நடக்கும். 2006 டிசம்பர்ல பக்கத்துலயே ஒரு அருங்காட்சியகமும் திறந்தாங்க. அதுல இருக்கிற முதல் உலகப்போர் விமானங்கள், 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் எடுத்த பீட்டர் ஜாக்சனோட சேகரிப்பிலேர்ந்து வந்தவை.

நாங்க போன நேரம், விமானிகள் ஏழெட்டு பேர் புல்தரையில ஒருத்தர் பின்னால ஒருத்தரா நடந்துக்கிட்டிருந்தாங்க. கையை விரிச்சு, உடம்பைச் சாய்ச்சு, திரும்பி, விலகி, மறுபடி சேர்ந்து...

"என்ன மாப்ளே, கோலாட்டமா?"

சிரிப்பு வந்தாலும் விஷயம் சீரியஸ். மேலே யார் எந்தப் பக்கம் திரும்பணும், யார் எப்ப விலகணும்னு தரையிலயே நடந்து பார்த்துக்கறாங்க. ஒரு விநாடி பிசகினா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியும்.

முதல்ல கிளம்பினது மூணு அடுக்கு இறக்கை வச்ச ஃபாக்கர் டிரைபிளேன்கள். 'சிவப்புப் பிரபு'ன்னு பேர் வாங்கின ஜெர்மன் விமானி மான்ஃபிரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் ஓட்டின அதே ரகம். அவர் வீழ்த்தின 80 விமானங்கள்ல 19 மட்டும்தான் இந்த மூணு இறக்கைல உட்கார்ந்து வீழ்த்தினது. ஆனா ஜனங்க மனசுல நின்னது இதுதான். மொத்தம் செஞ்சதே சுமார் 320. மேல் இறக்கை காத்துல பிய்ஞ்சு போய் 1917 அக்டோபர் கடைசியில ரெண்டு விமானிகள் அடுத்தடுத்து செத்தாங்க. பிரிச்சுப் பார்த்தா, தயாரிப்புல அலட்சியம், உள்ளே ஈரம் புகுந்து மரச்சட்டம் கெட்டிருந்தது. எல்லா விமானத்தையும் தரையில நிறுத்திட்டு இறக்கையை மாத்தினாங்க.

மாமா கேட்டார்: "இதெல்லாம் நிஜமா, டூப்பா?"

டூப்புதான். உலகத்துல ஒரு அசல் டிரைபிளேன் கூட முழுசா மிஞ்சலை. 1918 ஏப்ரல் 21-ல ரிக்ட்ஹோஃபன் விழுந்து இறந்தப்போ, அவரோட விமானத்தைச் சுத்தி இருந்த சிப்பாய்கள் ஞாபகார்த்தமா ஆளுக்கொரு துண்டு பிச்சு எடுத்துக்கிட்டாங்க. பெர்லின் அருங்காட்சியகத்துல வச்சிருந்த அவரோட இன்னொரு விமானம் இரண்டாம் உலகப்போர்ல அழிஞ்சது. அதனால இன்னிக்குப் பறக்கிறதெல்லாம் அப்புறமா செஞ்ச நகல்கள்.

அடுத்து ஒரு சாப்வித் கேமல். எஞ்சினைப் போட்டதும் நீலப் புகை எங்க பக்கம் வந்துச்சு. மாமா மூக்கை உறிஞ்சினார். "மாப்ளே... இது விளக்கெண்ணெய் இல்லை?"

அதேதான்! அந்தக் கால ரோட்டரி எஞ்சின்ல உள்ளே இருக்கிற தண்டு அசையாம நிக்கும். எஞ்சின் முழுசும் விசிறியோட சேர்ந்து சுத்தும். மசகு எண்ணெய் பெட்ரோல்ல கரையக் கூடாதுன்னு விளக்கெண்ணெய் ஊத்தினாங்க. ஊத்தின எண்ணெய் திரும்ப வராது. புகையாவும் துளியாவும் விமானி மூஞ்சிலதான் அடிக்கும். நாள் முழுக்க அதைக் குடிச்சா வயிறு என்ன ஆகும்னு நம்ம ஊர்ல சொல்லவே வேண்டாம். பிரிட்டனோட கடல் முற்றுகையால ஜெர்மனிக்கு இந்த எண்ணெய் கிடைக்காம போச்சு. மாற்று எண்ணெய் ஊத்தி அவங்க எஞ்சின்கள் சூடேறி மக்கர் பண்ணுச்சு. ஆமணக்கு இல்லாம ஒரு விமானப்படையே திண்டாடியிருக்கு!

மத்தியானம் இரண்டாம் உலகப்போர் வரிசை. இங்கே நிஜம், டூப்பு கணக்கு இன்னும் குழப்பம். ஜெர்மனியோட ஃபோக்க வுல்ஃப் 190-ஐ ஃப்ளக் வெர்க்னு ஒரு ஜெர்மன் நிறுவனம் பல பத்து வருஷம் கழிச்சுப் புதுசா செஞ்சுது. அசல் எஞ்சின் கிடைக்காததால, சோவியத் வடிவமைப்பு எஞ்சினை மாட்டினாங்க. எந்த நாட்டோட சண்டை போட்டதோ, அந்த நாட்டு எஞ்சின்!

ஸ்பிட்ஃபயர் கதையைக் கேளுங்க. நியூசிலாந்துல இருக்கிற பி.வி. 270 என்ற ஸ்பிட்ஃபயர், போர் முடியறப்போ இத்தாலியில இருந்துச்சு. அப்புறம் இத்தாலிய விமானப்படை, இஸ்ரேல், பர்மான்னு கைமாறி, கடைசியில இங்கே வந்து 2009-ல மறுபடி பறந்துச்சு. அதுக்குப் பூசின அடையாள எழுத்துகள், நியூசிலாந்துக்காரரான அல் டீர் ஓட்டின வேற ஒரு ஸ்பிட்ஃபயரோடது. சாகசத்துக்குப் பேர்போன அவரோட உறவினர்தான் இதைச் சீரமைச்சவர். ஆக, அசல் விமானம், ஆனா போட்டிருக்கிறது இன்னொண்ணோட சட்டை.

ஸ்பிட்ஃபயருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. போருக்கு சென்னை மாகாணம் கொடுத்த நன்கொடைக்காக, பிரிட்டிஷ் விமானப்படையில 79, 234, 264-ம் எண் படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னு பேர் வச்சாங்க. இதுல 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டின பிரிவு. மாமாகிட்ட சொன்னேன். "யார் வீட்டுத் தாலியோ"ன்னார். அதுக்கு மேல பேசலை.

சீரமைப்புன்னா பல சமயம் தகடு, ஆணி, கம்பி எல்லாமே புதுசு. பழைய விமானத்தோட அடையாளத் தகடும் கொஞ்சம் பாகங்களும்தான் மிச்சம் இருக்கும். அப்ப அது நிஜமா, டூப்பா? இதுக்காக ஆர்வலர்கள் மணிக்கணக்குல சண்டை போடுவாங்க. மாமா ஒரே வரியில முடிச்சார்: "எங்க ஊர் ஆழித்தேர் எரிஞ்சு போச்சு, புதுசா செஞ்சாங்க. இழுக்கிறவன் எவனாவது இது டூப்புத் தேர்னு சொல்றானா?"

நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நகல் செஞ்சா அசலைப் பத்திரமா கூரைக்கடியில வைக்கலாம், ஜனங்களும் பறக்கிறதைப் பார்க்கலாம். 2022 நவம்பர் 12-ல அமெரிக்காவின் டல்லாஸ்ல கண்காட்சி நடுவுல ஒரு பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-63 கிங்கோப்ரா விமானமும் மோதிச்சு. அரிய விமானங்கள் ரெண்டும் போச்சேன்னு நிறைய பேர் வருத்தப்பட்டாங்க. செத்தது ஆறு பேர். விமானத்துக்கு வரைபடம் இருக்கு, இன்னொண்ணு செய்யலாம். அந்த ஆறு பேருக்கு?

கல்கத்தாவில பிறந்த இந்திரலால் ராய் ஞாபகம் வந்தார். கண் பார்வை சரியில்லைன்னு முதல்ல தள்ளிவிட்டாங்க. விடாம முயற்சி பண்ணிச் சேர்ந்து, 1918 ஜூலையில ரெண்டு வாரத்துக்குள்ள 10 விமானங்களை வீழ்த்தினார். ஜூலை 22-ல விழுந்து இறந்தப்போ வயசு 19. அவர் ஓட்டின எஸ்.ஈ.5ஏ ரகத்தை நியூசிலாந்துல புதுசா செஞ்சிருக்காங்க, அச்சு அசலா.

சாயங்காலம் கேமல் இறங்கி வேலிப் பக்கம் வந்து நின்னுது. விமானி இறங்கி, கண்ணாடியைக் கழட்டி, மூஞ்சியிலிருந்த எண்ணெயைத் துணியால துடைச்சார். அம்பது வயசு இருக்கும். வேலியோரம் அவர் மனைவி காத்துக்கிட்டிருந்தாங்க. பேச்செல்லாம் இல்லை, ஃபிளாஸ்க்கை நீட்டினாங்க.

மாமா ரொம்ப நேரம் அவங்களையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"நாளைக்கும் இதே மாதிரி ஏறுவாரா மாப்ளே?"

"நாளைக்கும், நாளன்னிக்கும் மாமா."

"நல்லபடியா இறங்கணும்"னு சொல்லிட்டு, காரை நோக்கி நடக்க ஆரம்பிச்சார்.