தோட்டத்துத் திடலிலிருந்து தேசிய அணி வரை: காற்பந்தில் நம் பிள்ளைகள் ஏறிய படிகள்

ஈப்போ: 2018 அக்டோபர் 27-ஆம் நாள் இரவு. ஷா ஆலம் அரங்கில் திரங்கானுவுடன் 3-3 எனச் சமநிலையில் முடிந்த இறுதியாட்டத்தைப் பெனால்டியில் வென்று, பேராக் எட்டாவது முறையாக மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த அணியில் ஜே. பார்த்திபனும் கென்னி பால்ராஜும் இருந்தனர். புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த இரவு ஒரு செய்தி சொன்னது: நம் பெயரும் அந்தச் சட்டையின் முதுகில் வரலாம்.

ஏழு ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. 2025-26 பருவத்தில் சூப்பர் லீக் தொடங்கியபோது அதில் பேராக் அணியே இல்லை. 2002, 2003 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் லீக் வெற்றியாளராக விளங்கிய மாநிலம் இது. இன்று ஈப்போ வட்டாரத்தில் 13 வயதில் பந்து உதைக்கும் ஒரு பையன், மேலே போவதற்கு எந்தப் படியில் கால் வைக்க வேண்டும்? அதற்கான பதிலை, முன்பு ஏறியவர்களின் கதையிலிருந்தும் இன்றுள்ள அமைப்பிலிருந்தும் தொகுத்துத் தருகிறது இக்கட்டுரை.

திடல் இருந்த காலம்

ரப்பர் தோட்டம் என்றால் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றோடு ஒரு திடலும் நினைவுக்கு வரும். காலையில் பால் வெட்டி முடித்தவர்கள் மாலையில் அங்கே கூடுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். காலணி இல்லாதவனும் ஆடலாம். பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தே சிறுவர்கள் கற்றுக்கொண்டார்கள். பயிற்றுநர் என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்தபோது மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தனர். கோயிலை முடிந்தவரை காப்பாற்றினார்கள். பள்ளியை வேறிடத்துக்கு மாற்றினார்கள். திடலை யாரும் உடன் எடுத்து வர முடியவில்லை. மலிவு விலை அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு இன்று கிடைப்பது கார் நிறுத்துமிடமும், மணிக்கணக்கில் வாடகை செலுத்த வேண்டிய ஃபுட்சால் தளமும்தான். தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்த முதல் படிக்கு இப்போது கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது.

"ஸ்பைடர்மேன்" ஆறுமுகம்

தமிழர் காற்பந்து என்றதும் மூத்தவர்கள் முதலில் சொல்லும் பெயர் ஆர். ஆறுமுகம். 1953-இல் பிறந்த இவர் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காவலராக நின்றவர். நீண்ட கைகளால் பந்தைப் பறித்தெடுக்கும் திறமைக்காக ரசிகர்கள் இவருக்கு "ஸ்பைடர்மேன்" என்று பெயர் வைத்தார்கள்.

1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணி அவருடைய அணி. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் ஆகியோரின் தலைமுறை அது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. தகுதி பெற்றும் அணி மாஸ்கோ போகவில்லை. 1988 டிசம்பர் 18-ஆம் நாள் கார் விபத்தில் ஆறுமுகம் காலமானபோது அவருக்கு வயது 35. 2016-இல் வெளிவந்த "ஓலா போலா" திரைப்படத்தில் வரும் முத்துக்குமார் என்ற கோல் காவலர், இளைய தலைமுறைக்கு அவரை நினைவூட்டிய பாத்திரம்.

பஹாவிலிருந்து வந்த குணாளன்

அண்மைக்கால உதாரணம் வேண்டுமென்றால் எஸ். குணாளனைச் சொல்லலாம். பிறந்தது 1986 செப்டம்பரில், நெகிரி செம்பிலானின் பஹாவ் பட்டணத்தில். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிறிய ஊர் அது. கோலாலம்பூர் கிளப்புகளின் கண் எளிதில் படும் இடமல்ல.

வேகம்தான் அவருடைய முதலீடு. வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடும் தாக்குதல் ஆட்டக்காரராக நெகிரி செம்பிலான் அணியில் இடம்பிடித்தார். அந்த அணி 2009-இலும் 2011-இலும் மலேசியக் கிண்ணத்தையும், 2010-இல் எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது. 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி, இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என வென்று, ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும் மொத்தம் 4-2 கணக்கில் முதன்முறையாக ஏ.எஃப்.எஃப். சுசுகி கிண்ணத்தைப் பெற்றது. குணாளன் அந்த அணியிலும் இருந்தார்.

சிலாங்கூருக்குப் பிறகு 2014-இல் ஜொகூர் டாருல் தக்சிம் அணிக்குச் சென்றார். அந்தக் கிளப் 2015-இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்று, அதைப் பெற்ற முதல் தென்கிழக்காசிய அணி ஆனது. அங்கே அவர் செய்த ஒரு மாற்றம்தான் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது. முன்வரிசையில் ஓடிப் பழகியவர் வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரராக மாறினார். "நான் கோல் அடிக்கிறவன், பின்னால் நிற்கமாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அந்த நீண்ட ஆட்ட வாழ்க்கை அமைந்திருக்காது. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் முன்வரிசையை நிரப்பும் நம் லீக்கில், பக்கவாட்டுத் தற்காப்பும் நடுத்திடலும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகமுள்ள இடங்கள்.

கண்டனூரும் ஷெஃபீல்டும்

இதே போன்ற கதைகள் வெளியிலும் உண்டு. காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூரில் 2001-இல் பிறந்தவர் சிவசக்தி நாராயணன். முன்னாள் இந்திய ஆட்டக்காரர் ராமன் விஜயன் நடத்தும் காற்பந்துப் பள்ளியில் பயின்று, பெங்களூரு எஃப்.சி. கிளப்பின் இரண்டாம் நிலை அணிக்குப் போனார். அங்கிருந்து முதல் அணிக்கு ஏறி, 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் நடந்த டுராண்ட் கிண்ண இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அடித்தார். பெங்களூரு 2-1 என வென்றது. அந்தப் பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் சிறந்த வளரும் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

இங்கிலாந்தின் ஜேமி வார்டியை 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப், உருவம் சிறிது என்று கழித்துவிட்டது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, வாரம் 30 பவுண்டு சம்பளத்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற உள்ளூர் அணிக்கு ஆடினார். 2012-இல் லெஸ்டர் கிளப் அவரை வாங்கியபோது வயது 25. 2015-இல் தொடர்ந்து 11 பிரீமியர் லீக் ஆட்டங்களில் கோல் அடித்துச் சாதனை படைத்தார். 2016-இல் லெஸ்டர் வெற்றியாளரானது.

இந்தக் கதைகளைச் சொல்லிப் பிள்ளைகளுக்கு ஆசை காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது சரியல்ல. வார்டி போன்று ஆயிரம் பேர் முயன்று, ஒருவரே மேலே வருகிறார். ஆனால் 12 வயதில் கழிக்கப்பட்ட பிள்ளைக்குக் கதவு அடைபட்டுவிடவில்லை என்பது உண்மை. வயதுப் பிரிவுகள் ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கிடப்படுவதால், ஆண்டின் இறுதியில் பிறந்தவன் தன்னைவிடப் பத்து, பதினொரு மாதம் மூத்தவனோடு போட்டியிடுகிறான். அந்த வயதில் இது பெரிய உடல் வித்தியாசம். தேர்வாளர் கண்ணுக்கு உயரமானவன்தான் திறமைசாலியாகத் தெரிவான். 17, 18 வயதில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். அதுவரை பிள்ளை ஆட்டத்தை விட்டுவிடாமல் இருப்பதுதான் முக்கியம்.

இன்றுள்ள படிகள்

முதல் படி பள்ளி. தமிழ்ப்பள்ளி அணியில் தொடங்கி, மாவட்டப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டி, பேராக் மாநில அளவிலான எம்.எஸ்.எஸ்.பி.கே., தேசிய அளவிலான எம்.எஸ்.எஸ்.எம். என்று வரிசை மேலே செல்கிறது. தமிழ்ப்பள்ளியில் நட்சத்திரமாக இருந்த பல பிள்ளைகள் முதலாம் படிவத்தில் காணாமல் போவது இந்த இடத்தில்தான். புதிய பள்ளியில் அறிமுகம் இருக்காது. தேர்வு நாள் தெரியாது. மாலைப் பயிற்சி முடிந்தால் வீட்டுக்குப் பேருந்து இருக்காது. பெற்றோர் அந்த முதல் மூன்று மாதங்களில் பயிற்சி ஆசிரியரை ஒரு முறை நேரில் பார்த்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டாவது, 2014-இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம். ஏழு வயது முதல் பிள்ளைகளைச் சேர்த்து, சிறந்தவர்களைப் பகாங், கம்பாங்கிலுள்ள மொக்தார் டஹாரி கழகத்தில் தங்கிப் படிக்க வைக்கிறது. புக்கிட் ஜாலில் போன்ற விளையாட்டுப் பள்ளிகளும் உண்டு.

மூன்றாவது, பதின்ம வயதின் பிற்பகுதியில் வரும் பியாலா பெலியா, பியாலா பிரெசிடென் ஆகிய இளையோர் போட்டிகள். ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் சுக்மாவும் இதில் அடங்கும். கிளப்புகள் ஆள் தேடும் முக்கியச் சந்தை இவை.

நான்காவது படிதான் பலர் அறியாதது: மாவட்ட லீக்குகளும், அமெச்சூர் லீக் அமைப்பின் கீழ் நடக்கும் ஏ1 அரைத்தொழில்முறை லீக்கும். பகலில் வேலை, இரவில் பயிற்சி என்று இருப்பவர்கள் ஆடும் இடம். இதைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. 2025-26 பருவத்தில் மலாக்கா அணியும் குடிநுழைவுத் துறை அணியும் ஏ1-இலிருந்து சூப்பர் லீக்குக்கு உயர்ந்தன. ஆட்டக்காரன் மட்டுமல்ல, அணியே ஏறலாம்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"வெளிநாட்டில் தேர்வு இருக்கிறது, பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். 18 வயதுக்குட்பட்டவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா தடை செய்கிறது. முகவர் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்றும் கேளுங்கள்.

18 வயதுக்குக் கீழ் போடும் தொழில்முறை ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். மலேசிய லீக்கில் சம்பள நிலுவை புதிய செய்தி அல்ல. கிளப் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்த பிறகு, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. உதவிக்கு மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கமான பி.எஃப்.ஏ.எம். உள்ளது.

பயிற்சி தரும் சிறு கிளப்புகளுக்கும் ஒரு சொல். பிள்ளைகளை முறையாகப் பதிவு செய்து வையுங்கள். பின்னாளில் அவன் வெளிநாட்டுக் கிளப்புக்கு விலை கொடுத்து வாங்கப்பட்டால், 12 முதல் 23 வயது வரை அவனை வளர்த்த கிளப்புகளுக்குத் தொகையில் 5 விழுக்காடு பகிர்ந்தளிக்கப்பட வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கு அந்தப் பணம் வராது.

படிப்பையும் கைவிட வேண்டாம். முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் ஓராண்டு போய்விடும். எஸ்.பி.எம். சான்றிதழ் இருப்பவனுக்கு அந்த ஓராண்டு ஒரு இடைவெளி. இல்லாதவனுக்கு அதுவே முடிவாகிவிடக்கூடும்.

சொந்த அணி இல்லாத மாநிலத்தில்

இந்தியச் சமூகத்தின் பெயரைத் தாங்கிய மிஃபா அணி பெட்டாலிங் ஜெயா சிட்டியாகி, 2019-இல் சூப்பர் லீக்கில் ஆடியது. தமிழ் இளைஞர்கள் பலருக்குக் களம் தந்த அந்தக் கிளப் 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. 2021-இல் இறங்கி 2023-இல் மீண்டும் ஏறிய பேராக்கும் இப்போது இல்லை. குறுகிய காலத்தில் இரண்டு கதவுகள் மூடியிருக்கின்றன.

ஆகவே இன்று பேராக் பிள்ளை சிலாங்கூருக்கோ ஜொகூருக்கோ போகத் தயாராக இருக்க வேண்டும். அதற்கு முன், அவன் 18 வயது வரை ஆடுவதற்கு ஊரிலேயே ஒரு திடலும் ஒரு அணியும் வேண்டும். தோட்டத்தில் அதைக் கொடுத்தது கூட்டு வாழ்க்கை. பட்டணத்தில் அதைக் கொடுக்க வேண்டியவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், ஆலய நிர்வாகங்களும், குடியிருப்புச் சங்கங்களும்தான். வாரத்தில் இரண்டு மாலை பள்ளித் திடலைத் திறந்துவிட்டு, பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒருவரை அமர்த்துவது பெரிய செலவல்ல. முதல் படி கட்டப்பட்டிருந்தால்தான் அடுத்த குணாளனுக்குக் கால் வைக்க இடம் இருக்கும்.