சங்ககாலத் தமிழ் நாணயங்கள்: அடையாளமும் மதிப்பும்

சங்ககாலத் தமிழ் நாணயங்கள் என்பவை சேர, சோழ, பாண்டிய வேந்தர்களும் மலையமான் போன்ற குறுநில மன்னர்களும் வெளியிட்ட காசுகள். இவற்றில் பெரும்பாலானவை சதுர அல்லது நீள்சதுர வடிவச் செப்புக் காசுகள். சேரர் காசுகளில் வெள்ளியும் உண்டு. கரூர் அமராவதி ஆற்றுப்படுகை, மதுரை, திருக்கோவலூர்த் தென்பெண்ணை ஆற்றுப்படுகை ஆகியவை இவை மிகுதியாகக் கிடைத்த இடங்கள்.

ஆய்வு வரலாறு

சங்ககால வேந்தர்கள் சொந்தமாக நாணயம் வெளியிடவில்லை என்ற கருத்து நெடுநாள் நிலவியது. 1980-களில் ‘தினமலர்’ ஆசிரியரும் நாணயவியல் அறிஞருமான இரா. கிருஷ்ணமூர்த்தி, ஒரு செப்புக் காசில் ‘பெருவழுதி’ என்ற தமிழ் பிராமி எழுத்துகளைப் படித்து அறிவித்தபின் அக்கருத்து தகர்ந்தது. அக்காசின் முன்புறத்தில் குதிரையும், தொட்டி ஒன்றில் இரண்டு ஆமைகளும், பெயர்ப் பொறிப்பும் உள்ளன. பின்புறத்தில் கோட்டுருவ மீன் சின்னம் உள்ளது. வழுதி பாண்டியரின் குடிப்பெயர். மீன் அவர்களின் சின்னம். ஒரே காசில் இரண்டும் சேர்ந்திருப்பதால் அது யாருடையது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

அடையாளம் காணுதல்

பின்புறச் சின்னமே முதல் சான்று. மீன் பாண்டியரையும், புலி சோழரையும், வில்லும் அம்பும் சேரரையும் காட்டும். முன்புறத்து யானை பல மரபுகளுக்கும் பொதுவானது. அதை மட்டும் வைத்து முடிவு செய்தல் கூடாது. மலையமான் காசுகளில் குதிரையும், மறுபுறம் மீன்கள் நீந்தும் ஆற்றின் வளைகோடும் காணப்படும்.

பொறிப்புள்ள காசுகள் அரியவை. கரூரில் கிடைத்த, ‘மாக்கோதை’ என்ற பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசில் மன்னனின் தலை பக்கவாட்டில் தெரியும். பெயர் தலைக்கு மேல் வளைந்து செல்லும். இந்த உருவ அமைப்பில் அக்காலத்தில் இங்கு வந்து குவிந்த ரோமானியக் காசுகளின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது. ‘குட்டுவன் கோதை’ காசும் இவ்வகையைச் சேர்ந்ததே.

போலிகளும் துப்புரவும்

அச்சுக் கொண்டு அடிக்கப்பட்ட காசை அச்செடுத்து, வார்த்துப் போலி செய்வது வழக்கமான மோசடி. விளிம்பில் ஓடும் வார்ப்புக் கோடு, பரப்பில் ஊசிமுனை அளவுக் குமிழ்த்துளைகள், மழுங்கிய எழுத்துகள், எடை வேறுபாடு ஆகியவை போலியைக் காட்டிக்கொடுக்கும். எனவே உருப்பெருக்கிக் கண்ணாடியும் நுண்தராசும் சேகரிப்பாளருக்கு இன்றியமையாதவை. செம்பின் மேல் படிந்த பச்சைக் களிம்பைப் புளியோ அமிலமோ இட்டுத் தேய்க்கக் கூடாது. களிம்போடு தேய்ந்த எழுத்தும் போய்விடும். போன எழுத்தை எவராலும் மீட்க முடியாது.

மதிப்பிடுதல்

அருமை, பொறிப்பு, தேய்மானம், கிடைத்த இடம் ஆகியவற்றால் மதிப்பு அமைகிறது. பொன்னும் வெள்ளியும் எப்போதும் செம்பை விஞ்சுவதில்லை. பெயர் பொறித்த சிறு செப்புக் காசு ஒன்று பொறிப்பில்லாத நூறு காசுகளைவிட ஆய்வுக்குப் பயன்படும். கிடைத்த இடம் தெரியாத காசு தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடுகிறது. ஆகவே வாங்கும் போதே இடம், நாள், எடை, அளவு ஆகியவற்றைக் குறித்து, இருபுறமும் படம் எடுத்து வைத்தல் வேண்டும்.

சட்டம்

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது.

எடைக்கு விற்று உருக்கப்படும் ஒவ்வொரு பழங்காசுடனும் ஒரு மன்னனின் பெயரே மறைந்து போகக்கூடும். பழங்காசு கையில் கிடைத்தவர்கள் அதை உருக்கவோ தேய்க்கவோ செய்யாமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆட்சியரிடமோ அருங்காட்சியகத்திலோ காட்டுவது கடமை.